சைடு ஸ்டாண்டில் ஏறும் முள்

பினாயில் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்த சமயம். ஒரு நாள் காலையில் வாளியை எடுக்கப் போனேன். அதன் பிடியில் புது ரப்பர் கையுறை ஒரு ஜோடி தொங்கியது. யார் வைத்தது என்று எல்லோரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார்: "உங்க குலுக்கி அண்ணன்தான் வாங்கிட்டுப் போனாரு. சின்னக் கைக்கு எந்த சைஸ் சரியா வரும்னு என்னைப் போட்டுக் குடைஞ்சு எடுத்துட்டாரு."

நேரே போய் நன்றி சொன்னேன். மனிதர் எரிந்து விழுந்தார்.

"நானா? எனக்கு வேற பொழப்பு இல்லையா? போம்மா, போய் வாசலைக் கூட்டு!"

அவர் சுபாவம் அது. நல்லதையும் திட்டிக்கொண்டேதான் செய்வார்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நான் கூட்டித் துடைப்பவள். அவர் வண்டியோட்டி. ஊரைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. மாலை நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டால் சில ரத்தம் கெட்டுவிடும், திரும்பக் குத்த வேண்டும். அதனால் அவர் ஓட்டம் எப்போதும் கடிகாரத்தோடுதான்.

தினமும் காலையில் வண்டியைத் தொட்டதும் அவர் முதலில் ஒன்று செய்வார். இரண்டு கையாலும் பிடித்து நேராக நிமிர்த்துவார். இடமும் வலமுமாக நாலு முறை குலுக்குவார். பிறகு பெட்ரோல் டாங்கியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சளக்கு சளக்கென்று வரும் சத்தத்தை வைத்தே எத்தனை கிலோமீட்டர் போகும் என்று சொல்லிவிடுவார். குலுக்கி என்ற பெயர் அப்படி வந்ததுதான். டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"அதான் மீட்டர் இருக்கே அண்ணே, எதுக்கு இந்த வைத்தியம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"மீட்டரா? மேடு ஏறினா காலிங்குது. எறங்கினா பாதிங்குது. பிரேக்கைப் புடிச்சா முன்னாடி வந்து சலாம் போடுது. இதை நம்பினா நடுரோட்டுலதான் குடித்தனம். பழைய வண்டியில ஒரு குழாய் இருந்துச்சு தங்கச்சி. பெட்ரோல் தீரப் போகுதுன்னா வண்டியே இருமும். ரிசர்வுக்குத் திருப்பி விட்டா வீடு வரைக்கும் கொண்டாந்து சேர்த்துடும். அது யோக்கியமான வண்டி. இதுல அந்தக் குழாயைப் புடுங்கிட்டு, முள்ளைக் குத்தி வச்சிருக்கானுங்க!"

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

பிறகு புது சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி கலையாத சட்டை. வந்த மாதமே பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது என்று ஒரு சட்டம் போட்டார். பங்கில் காட்டுகிற பெட்ரோல் சீட்டு வேண்டுமானால், வண்டி நிற்கிற நிலையிலேயே, கை படாமல், வண்டியோட்டி மீட்டரைப் படம் பிடித்து போனில் அனுப்ப வேண்டும். முள் சிவப்புக்கோட்டுக்கு மேலே இருந்தால் சீட்டு கிடையாது.

"சார், எல்லா வண்டியும் சைடு ஸ்டாண்டுலதான் நிக்குது. நடு ஸ்டாண்டெல்லாம் கழட்டிப் போட்டு வருஷமாச்சு. சாஞ்சு நின்னா உள்ள இருக்குற பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி, முள்ளு ஏறிக் காட்டும். நிமித்தினா விழுந்துடும். கொஞ்சம் வந்து பாருங்க" என்றார் அண்ணன்.

சூப்பர்வைசர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

பதினெட்டு வருடமாக ஒரு சொட்டு ரத்தத்தைச் சிந்தாமல் கொண்டுவந்தவரைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லாமல் சொன்ன சொல் அது. அண்ணன் முகம் கறுத்துப் போனது. அன்று அவர் திட்டவில்லை. அவர் திட்டாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இரண்டு மூன்று முறை சீட்டு கிடைக்காமல் தன் காசிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார். சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, சீட்டு இல்லாமலே வண்டி ஓடுதே!" அன்றோடு அண்ணன் தன் காசு போடுவதை நிறுத்திவிட்டார். "இனி ஒரு சொட்டு என் கையால கிடையாது. நடுவழியில நின்னாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும்" என்றார். வேண்டாம் அண்ணே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. மதியம் இரண்டரை மணி. நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சூப்பர்வைசர் அறை வாசலில் நின்று கேட்டார்.

"சார், ஆத்துப்பாலம் தாண்டிப் போகணும். பிறந்து மூணு நாளான குழந்தையோட ரத்தம். அவசரம்னு போன் வந்திருக்கு. டாங்கியில சத்தமே இல்லை சார். சீட்டு குடுங்க."

"படம் பாத்தேன். முள்ளு கால்வாசிக்கு மேல நிக்குது. கிளம்புங்க."

"அது சாஞ்ச முள்ளு சார்!"

"உங்க வாயைத்தான் நிமித்தணும். கிளம்புங்கன்னேன்."

என் கையில் துடைப்பம். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

குழந்தைக்கு உடம்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்ததாம். அந்த ரத்தத்தில் வெளிச்சம் படக்கூடாது என்று கண்ணாடிக் குழாயைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் பாலத்துக்கு முன்னால் இருக்கிற மேட்டில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. பங்க் எங்கேயோ. போன் செய்தார். சூப்பர்வைசர் எடுக்கவில்லை. வெயிலில் வண்டியைத் தள்ளினார், முடியாமல் அங்கேயே போட்டுவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார், கடைசியில் ஒரு செங்கல் லாரியை மறித்து ஏறி வந்தார். எங்கள் வாசலில் அவர் இறங்கியபோது மணி ஐந்தேகால். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பெட்டிக்குள் ஐஸ் முழுவதும் கரைந்துவிட்டது.

பரிசோதிக்கும் பெண் குழாயைச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "சூட்டுல ரத்த அணுவெல்லாம் உடைஞ்சு போச்சுண்ணே. திரும்ப எடுக்கணும்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் துடைத்த ஈரத் தரை. என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, நான் போட்டிருக்கணும். என் காசையே போட்டிருக்கணும். வீம்பு புடிச்சேன்."

அன்று இரவே வேறு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் இறங்கக் குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்கள். கடவுள் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டது.

ஆனால் மறுநாள் காலையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. வண்டியோட்டி வழியில் தன் சொந்த வேலையாக நின்றதால் தாமதம் ஆனது என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம். குழந்தையின் அப்பாவுக்கும் போனில் அப்படியே சொல்லிவிட்டார்களாம்.

அண்ணன் வெடித்தார். கண்ணாடிக் கதவெல்லாம் அதிர்ந்தது.

"சொந்த வேலையா? நான் என்ன சினிமாவுக்கா போயிருந்தேன்? டாக்டரம்மாவைக் கூப்பிடு!"

டாக்டரம்மாதான் முதலாளி. கீழே இறங்கி வந்தார்கள். இரவே மேட்டிலிருந்து எடுத்து வந்திருந்த வண்டியை அண்ணன் முற்றத்துக்கு உருட்டி வந்தார். எல்லோர் கண் முன்னாலும் அரை லிட்டர் ஊற்றினார். சைடு ஸ்டாண்டில் சாய்த்துச் சாவியைத் திருப்பினார். முள் ஏறிக் கால்வாசியைத் தாண்டி நின்றது. பிறகு வண்டியை இரண்டு காலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தார். முள் மெல்ல மெல்ல இறங்கிச் சிவப்பில் படுத்தது. மறுபடி சாய்த்தார், ஏறியது. மறுபடி நிமிர்த்தினார், விழுந்தது.

"இப்ப சொல்லுங்க! பொய் சொல்றது யாரு?"

சூப்பர்வைசர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "இவர் சீட்டே கேக்கலை மேடம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். "கேட்டாரும்மா. நான் அங்கதான் துடைச்சுக்கிட்டிருந்தேன். சாஞ்ச முள்ளுன்னுகூட சொன்னாரு" என்றேன்.

"நீங்க உங்க துடைப்பத்தைப் பாருங்க" என்றார் சூப்பர்வைசர்.

டாக்டரம்மா வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "சரி, இனிமே நிமித்தி வச்சுப் படம் எடுங்க. ஆனா குழந்தையோட அப்பாகிட்ட ஒரு காரணம் சொல்லியாச்சு. இப்ப மாத்திப் பேசினா நம்ம எல்லார் பேரும் கெடும். கையெழுத்துப் போட்டுடுங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். நாளைக்குள்ள போட்டுடுங்க."

உண்மை கண் முன்னால் ஏறி இறங்கிக் காட்டிய பிறகும் இப்படி ஒரு பேச்சு! நான் கோபப்படுகிறவள் இல்லை. அன்று சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது வாயில் வந்தது மந்திரம் இல்லை. நீயும் சாய்ந்துதான் பார்க்கிறாயா என்று சாமியையே கேட்டுவிட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கோபம் போகவில்லை.

மறுநாள் அண்ணன் கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் தன் கோணல் எழுத்தில் 'பெட்ரோல் கேட்டேன். தரவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் அப்பா வந்துவிட்டார். நடக்காத பரிசோதனைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பி வாங்க வந்தவர். தாடி மழிக்காத முகம், நாலு நாள் தூங்காத கண்.

"ஊர் சுத்தினது யாரு?" என்றுதான் கேட்டார்.

"ரத்தம் கொண்டாந்தவன் நான்தான். ஊர் சுத்தலை" என்றார் அண்ணன். "வண்டியில பெட்ரோல் இல்லை. கேட்டேன், குடுக்கலை. என் காசுல போட்டிருக்கலாம், வீம்புக்குப் போடலை. அதுக்கு என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். செய்யாததுக்கு வேண்டாம்."

அந்த மனிதர் அடிக்கவில்லை. "ரெண்டாவது தடவை குத்தினப்ப அது அழவே இல்லைங்க" என்றார். "முதல் தடவை வீல்னு கத்துச்சு. ரெண்டாவது தடவை சும்மா பாத்துச்சு. என் பொண்டாட்டி அதைப் பாத்துத்தான் மயங்கி விழுந்தா." பிறகு, "பெட்ரோல் குடுக்காத ஆளு எங்க இருக்கான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

உள்ளே எழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் பேரை வெளியாள் முன்னால் கெடுத்தார் என்று காரணம் சொன்னார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை நிமிர்த்திப் படம் எடுக்க வேண்டும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் அதன் மேல் விடுமுறைப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். எடுக்கிற படமெல்லாம் பழையபடி சைடு ஸ்டாண்டில்தான்.

கேட் வரைக்கும் அவரோடு போனேன். சாப்பாட்டுப் பையும் மழைக்கோட்டும்தான் கையில். தன் மனைவியின் தம்பி வேறு ஊரில் பட்டறை வைத்திருப்பதாகவும், அங்கே போகப் போவதாகவும் சொன்னார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அழுதுவிடுவேனோ என்று நான் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதம்மா, எனக்குப் புடிக்காது. நான் சொல்றதைக் கேளு. நாளைக்கு அந்த வண்டிக்கு ஒருத்தன் வருவான். எவனா இருந்தாலும் சரி, அவன் கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல போய் நில்லு. வண்டியை நிமித்திப் பாத்தியான்னு கேளு. பாக்கலைன்னா துடைப்பத்தாலேயே ரெண்டு போடு, நான் சொன்னேன்னு சொல்லு!"