ஒரு மெட்டு, இரண்டு பாட்டு

போன செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் ஞானமுத்து அண்ணாச்சியை அடக்கம் செய்தோம். சபைக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தது நான். பாடுவதற்குத்தான்...

சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

அண்ணாச்சி பாடிக் கேட்காதவர் நம் பக்கத்தில் உண்டா? சனிக்கிழமை நாடகக் கொட்டகையில் முருகனாக வருவார். ஞாயிறு காலை கோயிலில் கீர்த்தனை. சேரன்மகாதேவியில் கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் நடந்துகொண்டே பாடுவார். கிளாரினெட்காரர் மூச்சு வாங்க நிறுத்துவார், இவர் நிறுத்தமாட்டார். இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிலீஷ் பாட்டுக்கூடப் பாடினார். அர்த்தம்? அவருக்கும் தெரியாது, கேட்ட எங்களுக்கும் தெரியாது.

கொட்டகையிலும் கோயிலிலும் அவருக்கு ஆர்மோனியப் பெட்டி வாசித்தது நான்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் நாள். நாடக மெட்டில் கீர்த்தனை கட்டுவது நம்மிடம் சகஜம்தானே? அன்றைய கீர்த்தனையும் அப்படித்தான். தொடக்க வாசிப்பு மட்டும் வேறு. வாரம் முழுக்க நாடக ஒத்திகையில் பழகிய என் விரல்கள் நாடகத் தொடக்கத்தை வாசித்துவிட்டன. கண்ணை மூடி நின்ற அண்ணாச்சி அதை நம்பிப் பாட்டை எடுத்தார் — சிலுவையைப் பாடவேண்டிய இடத்தில் வள்ளியைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர் கேட்டார்: "உமக்கு வாய் ஒண்ணா ரெண்டா வே?"

"தப்பு எம்மேலதான் ஐயா. வாய் தவறிட்டு" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. அன்றோடு அவர் கோயிலில் பாடக்கூடாது என்று ஆயிற்று.

அதன்பின் ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உதடு அசையாது. ஒருநாள் தாங்கமாட்டாமல், "உண்மையைச் சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் வெளிய நிக்கவா? நீ பைய வாசி லே. நான் உள்ளுக்குள்ள பாடிக்கிடுதேன்."

பழியை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. எனக்கு உண்மையைச் சொல்ல எட்டு வருஷம். அடக்கத்தன்று காலை அதே பெரியவரிடம் போய்ச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அழுதேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்: "அன்னைக்கே தெரியும் லே. பெட்டி வாசிக்க வேற ஆள் இல்ல. பாட ஆள் கெடைக்கும்னு நெனச்சோம்."

அடக்க ஆராதனையிலும் அதே கீர்த்தனைதான். தொடக்கத்தைச் சரியாகவே வாசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன்...

யாரும் எடுக்கவில்லை.