தராசுக்கு விழுந்த ஓட்டு

மாடசாமிக்கு மொத்தம் கிடைத்தது முந்நூற்று நாற்பத்தோரு ஓட்டு. அதில் நூற்று அறுபத்து மூன்று, பாறைக்கொட்டாய் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் இருந்தவை. அந்த ஊருக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூரில் லேத்து ஓட்டினார். எல்லைத் தொழிலாளர் கட்சி என்று ஒன்று வைத்திருந்தார்கள். நாற்பது பேர், பாதிப் பேர் அவருடைய ஷிப்டு. இரண்டாம் ஷிப்டு விடும் நேரத்துக்கு ராயக்கோட்டைச் சாலையில் பஸ் வேண்டும். கட்சியின் கொள்கை அவ்வளவுதான். எண்பதாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் அதற்காகவே நின்றார். கேட்ட சின்னம் சைக்கிள், கொடுத்தது தராசு. மேடையில் நான்கு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு முறை தண்ணீர் கேட்பார்.

மனைவி பவளம் உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் ஓட்டுக் கேட்கக் கூடாது. எதற்கு வம்பு என்று தேர்தல் முடியும்வரை ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அப்படியும் வம்பு வந்தது. பாறைக்கொட்டாய் அவள் போய்வரும் ஊர். புருஷனுக்கு அங்கே ஓட்டுச் சேகரித்தாள் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் சஸ்பெண்டு என்று ஆஸ்பத்திரி டாக்டர் மெமோ கொடுத்தார்.

மாடசாமியோ மிதந்துகொண்டிருந்தார். "ஏளா, அந்த ஊருக்கு பஸ்ஸு எவ்வளவு தேவைன்னு பாத்தியா? ஞாயித்துக்கெழம போயி நன்றி சொல்லணும்."

"அங்க ரோடே கெடையாது. பஸ்ஸ எங்கன கொண்டுபோயி விடுவிய?"

பவளத்துக்கு மெமோ பயத்தைவிட, யார் அந்த நூற்று அறுபத்து மூன்று பேர் என்ற குடைச்சல்தான் பெரிதாக இருந்தது. மறுநாள் காலையில் நடந்தே போனாள்.

புளியமரத்தடியில் நின்ற நஞ்சம்மா அவளைப் பார்த்ததும் கத்தினாள். "நர்சம்மா வந்துட்டாங்கடி! தக்கடி ஜெயிச்சிடுச்சாம்மா?"

தக்கடி என்றால் அந்தப் பக்கத்தில் தராசு. இரண்டு வருஷத்துக்கு முன் குழந்தைகளை நிறுக்கும் சர்க்கார் தராசு உடைந்துபோனது. பவளம் புளி வியாபாரி ராமப்பனிடம் பெரிய தட்டுத் தராசைப் புதன்கிழமைதோறும் இரவல் வாங்கிவந்து அந்த மரத்தில் தொங்கவிட்டாள். பிள்ளையை நிறுத்தால் கண்பட்டுவிடும் என்று தாய்மார்கள் ஓடினார்கள். அவள் எடைக்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோயில் துலாபாரம் மாதிரி, எதிர்த்தட்டில் அவர்கள் வீட்டுக் கேழ்வரகையே கொட்டச் சொன்னாள். நிறுத்த கேழ்வரகு பிள்ளைக்கே கஞ்சி. கிலோக் கணக்கை அப்புறம் பார்த்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார்கள். உன் பிள்ளை எத்தனை படி என்று போட்டியே நடந்தது.

"எதுல ஜெயிச்சுதான்னு கேக்குறீங்க?" என்றாள் பவளம்.

"எலக்சன்லதான். ஒரு மாசமா நீங்களும் வரல, தக்கடியும் வரல. செவுத்துல யாரோ தக்கடி படம் போட்டுட்டுப் போயிருந்தாங்க. ஓட்டுப் போடுங்கன்னு எழுதியிருக்குதுன்னு முனிலட்சுமிதான் படிச்சா. ஓட்டு வாங்கினாத்தான் தக்கடிய திரும்ப அனுப்புவாங்களோ என்னமோ, யாரு கண்டா?"

"ஆம்பளைங்களுக்கும் சொல்லிட்டேன்," என்றாள் பக்கத்தில் நின்ற முனிலட்சுமி. "மாத்திக் குத்தினா வூட்டுல களி கெடையாதுன்னு."

பவளத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே மெமோ ஞாபகம் வந்தது. இதை எழுதிக் கொடுத்தால் எந்த டாக்டர் நம்புவார்? "நாளைக்கு ரெண்டு பேரும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்," என்றாள்.

இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையோடு வந்தார்கள்.

"இந்த நர்சு உங்ககிட்ட ஓட்டுக் கேட்டாங்களா?" என்றார் டாக்டர்.

நஞ்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க எங்க சார் வந்தாங்க? வந்திருந்தா நாங்க எதுக்குப் போடுறோம்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சரி, மாடசாமியைத் தெரியுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த ஊருச் சாமிங்க அது?" என்றாள் முனிலட்சுமி.

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நடந்ததை எழுதி, நஞ்சம்மாவிடம் கைநாட்டும் முனிலட்சுமியிடம் கையெழுத்தும் வாங்கி, மெமோவை ரத்து செய்தார்.

அன்று மாலையே பவளம் வீட்டில் சொல்லிவிட்டாள். மறைத்திருந்தால் மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூமாலையும் கையுமாகப் போய் நின்றிருப்பார். மாடசாமி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்போ எனக்குன்னு ஒண்ணுமே விழலையா?"

"மிச்சம் நூத்தி எழுவத்தெட்டும் உங்களுக்கு விழுந்ததுதான். சாப்பிடுங்க."

அவர் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். முகம் லேசாகத் தெளிந்தது. "அடுத்த தடவையும் தராசையே கேட்டா என்னளா?"

"சைக்கிளையே கேளுங்க," என்றாள் பவளம். "தராசு எனக்கு வேணும். புதன்கிழமை அந்த ஊருக்குப் போகணும்."