லிஸ் போட்ட தச்சன்

விஸ்தாஸ் எங்கள் ஊர்த் தச்சன். முப்பது வருஷம் அவனோடு ரம்பம் பிடித்தவன் நான். அவன் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, வயிறெரியவும் உண்டு.

குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதும் களத்தை இப்போது எல்லோரும் 'லிஸ்' என்கிறார்கள். எங்கள் வாயில் அது வெறும் மரவேலி. ஓரம் என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆராஸ் நகரத்து நெசவாளிகளின் துணிக்கரைக்கும் அதே வேர்தான். எங்களை வெளியே நிறுத்தத்தான் வேலியே போட்டார்கள். போகப்போக வேலியின் பெயர் உள்ளேயிருந்த மண்ணுக்கும் ஒட்டிக்கொண்டது. 'லிஸ்ஸில் இறங்கினார்' என்று சீமாட்டிகள் உருகுகிறார்கள். ஒருத்தியாவது ஒரு முளை அடித்திருப்பாளா?

அந்த இலையுதிர்காலத்தில் பிரபு இரட்டை வேலி கேட்டார். நாற்பது கம்பம் குறைந்தது. அவர் காட்டில் கைவைத்தால் கையே இருக்காது. மணியக்காரர்தான் வழி சொன்னார்.

"உன் வீட்டுத் தூணு, கைமரமெல்லாம் பிரிச்சு நடுப்பா. மூணு நாள்தானே, முடிஞ்சதும் பிடுங்கிக்க."

அவன் மனைவி மஹோ நிறைமாதம். அவளும் வேண்டாமென்றாள், நானும் சொன்னேன். மடையன், கேட்கவில்லை. வீட்டின் பாதிக் கூரை இறங்கியது.

மூன்றாம் நாள் வண்டியோடு போனோம். களத்தில் வீரர்களின் பேரைக் கூவி அறிவிக்கும் கட்டியக்காரரின் ஆட்கள் கம்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்தால் லிஸ்ஸின் மரமெல்லாம் கட்டியக்காரருக்கு என்பது வழக்கம். அது எங்களுக்கும் தெரியும். வீட்டுத் தூணையுமா எடுப்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

"ஐயா, அது என் வீட்டு மரம். பொண்டாட்டி புள்ளத்தாச்சி" என்றான் விஸ்தாஸ்.

"லிஸ்ஸுல நட்டியா இல்லியா?" என்றான் கம்பம் ஏற்றிய ஒருவன்.

"நட்டேன்."

"அப்புறம் என்ன?"

விஸ்தாஸ் அங்கே நின்ற மணியக்காரரைப் பார்த்தான். அந்த மனுஷன் குதிரைச் சேணத்தை இறுக்குவதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஆட்டுத்தோலைக் கட்டிக் கூரையை மூடினோம். பனி நிற்கவா செய்யும்? பிறந்த பெண் குழந்தை ஆறாம் நாள் விறைத்துப் போனது. பெட்டி செய்ய ஊரில் ஒரு பலகை மிச்சமில்லை. மஹோவின் பழைய பாவாடையில் சுற்றிப் புதைத்தோம்.

மறுவாரமே பிரபுவிடமிருந்து ஆள் வந்தது. வசந்தத்துக்கு இன்னொரு லிஸ் வேண்டுமாம். விஸ்தாஸ் கோடாரியை எடுத்துத் தோளில் போட்டான்.

"இந்தத் தடவ எதப் பிரிக்கப் போற?" என்றாள் மஹோ.

அவன் களத்தை நோக்கி நடந்தான். நானும் கூடவே போனேன்.