துக்க வீட்டுக் குழந்தைகளும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், சின்ன வயதில் ஏதோ ஒரு துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அக்காவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதம் மடித்தவர்கள். இன்னும் சிலர் உங்கள் பிள்ளைகளை அப்படி உட்கார வைத்துவிட்டு நிம்மதியாகத் துக்கம் கேட்கப் போனவர்கள். அக்கா என்ன செய்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் செய்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அக்காவும் யாரிடமும் சொன்னதில்லை. நான் பேச்சுக்காரன் அல்ல, எழுத்தும் எனக்குப் பழக்கமில்லை. பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிறந்தது பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில். எனக்கு ஆறு வயதும் அக்காவுக்குப் பதினொரு வயதும் நடந்தபோது எங்கள் அம்மா காய்ச்சலில் படுத்து, எழாமலே போய்விட்டார். அன்று காலையில் நான் அம்மாவிடம் போகப் பார்த்தபோது உறவுக்கார அம்மாள் ஒருவர் என்னைத் தடுத்து, "அம்மா தூங்கறாங்க சாமி, சத்தம் போடாதே" என்றார். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். பிறகு கூட்டம் வந்தது, கொட்டு அடித்தார்கள், தூங்குகிற அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கண்ணால் நான் பார்த்தது அதுதான். தூங்கினால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் தூங்க மறுத்தேன். கண் சொக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து அக்காவை உலுக்குவேன். அப்பா வேப்பிலை அடித்துப் பார்த்தார், தாயத்துக் கட்டிப் பார்த்தார். என் பயம் என்னவென்று நான் சொன்னது அக்காவிடம் மட்டும்தான். பதினொரு வயதுப் பெண் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த விடுகதைகளை எடுத்துவிட்டார். படுக்கும்போது ஒன்று போடுவார். "விடை காலையிலதான். எந்திரிச்சாத்தான் சொல்லுவேன்" என்பார். நான் யோசித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். காலையில் ஒரு விடை காத்திருக்கிறது என்றால், காலையில் நானும் இருப்பேன் என்றுதானே பொருள். அப்படி நினைத்துத்தான் மெல்ல மெல்லத் தெளிந்தேன். ஆனால் முழுதும் தெளிய வருஷங்கள் ஆயின.

அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்து சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தார். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டார். வயது வந்ததும் அதே மில்லில் வைண்டிங்கில், நூலைக் காகிதக் கோனில் சுற்றும் பிரிவில், சேர்ந்தார். நசுங்கிப்போன காகிதக் கோன்களை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வருவார். அவற்றுக்குக் கண் மூக்கு வரைந்து, கழிவு நூலில் முடி ஒட்டி, மில் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மையாகக் கொடுப்பார். கொடுக்கும்போதே ஒன்று கேட்பார்: "ஒடம்பு பூரா நூலு, உடுத்தத் தெரியாத ஆளு. யாரு?" கையில் கோனை வைத்துக்கொண்டே பிள்ளைகள் விழிக்கும். நான் மட்டும் முந்திக்கொண்டு சொல்லித் தலையில் குட்டு வாங்குவேன்.

அக்காவைக் கட்டிய மச்சானும் அதே மில்தான். நல்ல மனிதர், அக்கா சொன்ன விடுகதை ஒன்றுக்குக்கூடச் சரியான விடை சொன்னதில்லை. வேண்டுமென்றேதான் தப்பாகச் சொல்கிறார் என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. மில் மூடியபோது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. அக்கா தையல் மிஷின் வாங்கிப் போட்டு, பாவாடை தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். ஒரு நாளும் முகம் சுண்டியதில்லை. மச்சான் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார்.

துக்க வீட்டுக் காரியம் தொடங்கியது லைன் வீட்டில்தான். கூட வேலை செய்த ஒருவர் இறந்தபோது, அவருடைய பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்றதை அக்கா பார்த்திருக்கிறார். யாரோ அவர்களிடம் 'தூங்கறாங்க' என்ற அதே வார்த்தையைச் சொன்னதும் அக்காவின் காதில் விழுந்தது. இரண்டையும் கையில் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார். "அப்பாவுக்கு மூச்சு நின்னுபோச்சு கண்ணு. இனி எந்திரிக்க மாட்டாங்க. அவுங்களுக்கு வலிக்காது, பசிக்காது. அழுகை வந்தா அழுவுங்க. வெளையாடத் தோணுனா வெளையாடுங்க, தப்பில்ல." பிறகுதான் காகிதமும் கத்தரிக்கோலும். அந்த வரிசையை அக்கா கடைசிவரை மாற்றவில்லை. உண்மை முதலில், விளையாட்டு பிறகு.

அதிலிருந்து துக்கச் செய்தி சொல்லும் போன் எல்லாம் ஒரே மாதிரி முடியும். "வாரப்ப அக்காவையும் கூட்டிட்டு வந்துருங்க. கொழந்தைக இருக்குதுங்க." அக்கா எப்போதும் ஒரு மஞ்சள் பையைத் தயாராக வைத்திருப்பார். பழைய காலண்டர் தாள், பசை, நூல்கண்டு, இரண்டு மூன்று கோன், நிறையப் பொரி உருண்டை. உக்கடத்தில் பஸ் மாறி, காந்திபுரத்தில் பஸ் மாறி, எந்த மூலைக்கும் வருவார். பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு ஒன்று போடுவார்: "ஊருச் சனத்தையெல்லாம் வயித்துல வச்சுச் சுமப்பான், ராத்திரி தன் ஊட்டுக்கு மட்டும் வெறும் வயித்தோட போவான். யாரு?" டவுன் பஸ் என்று கண்டுபிடிக்க எனக்குச் சூலூர் தாண்டிவிட்டது.

காகிதம் மடிக்கும்போது அக்காவே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடுவார். பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு மடி மடிச்சா ஊடு,
மறு மடி மடிச்சா மாடு,
இன்னொரு மடி மடிச்சா ஓடம்,
ஊதி வுட்டா ஓடும்.

உண்மையில் அந்த மடிப்பில் மாடு வராது. நாய் மாதிரி ஏதோ ஒன்று வரும். பிள்ளைகள் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு முறை எங்கள் சித்தப்பா, எங்கள் குடும்பத்தில் மூத்தவர், கோபமாக உள்ளே வந்தார். "எழவு ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேக்குது. நாலு பேரு என்ன நெனைப்பாங்க?" அக்கா எழுந்து நின்று, "அழுகறதுக்கு நாம இத்தனை பேரு இருக்கறோமுங்க சித்தப்பா. அவுங்க பங்கையும் நாமளே அழுதுபோடலாமுங்க" என்றார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிளம்பும்போது ஒரு விடுகதையை விடை சொல்லாமல் விட்டுவிட்டு வருவது அக்காவின் வழக்கம். விடையைக் கருமாதி அன்றுதான் சொல்வார். அதனால் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு மறுபடி வரப் பயப்படாது, போட்டி போட்டுக்கொண்டு வரும்.

போன ஆண்டு அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். அக்கா அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. என் மகனின் மகள் இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி முறையான அக்காவை அவள் அம்மிச்சி என்றும் தாத்தாவான என்னை அப்பாரு என்றும் கூப்பிடுவாள். அக்காவின் பக்கத்தில்தான் படுப்பாள். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து அக்கா சொன்னார்: "தம்பி, நான் போற அன்னிக்கு ஒருத்தரும் அந்தப் புள்ளைகிட்ட தூங்கறாங்கன்னு சொல்லிப்போடக் கூடாது. நீ பட்டது போதும். அவளுக்கு வேண்டாம். நீ பார்த்துக்க." நான் "சரிங்கக்கா" என்றேன்.

அக்கா பெரிதாகக் கஷ்டப்படவில்லை. ஒரு காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். அந்த வகையில் எங்களுக்கு ஆறுதல்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டி, பந்தல், மின்மயானத்தில் நேரம் கேட்பது என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். உறவுகள் எல்லாம் பிள்ளைகளோடு வந்தார்கள். வழக்கம் போலப் பிள்ளைகளை எதிர் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டு நேராகப் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் துக்கம் என்றால் அக்கா உட்காருவது அந்த மாடியில்தான். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த என் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். இறங்கியதும், "இவனை அத்தைகிட்ட உட்டுட்டு வந்துர்றனுங்கப்பா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவருமே யோசிக்கவில்லை. எல்லோருடைய நினைப்பிலும் பிள்ளைகள் அக்காவிடம் இருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே இறங்கி வந்துவிட்டன. இனியா நேராக ஐஸ் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அக்கா என்னிடம் சொன்னது என் மகளுக்குத் தெரியாது. பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்து, "அம்மிச்சி தூங்கறாங்க அம்மணி, வா, உள்ள போலாம்" என்று சொல்லிவிட்டாள்.

சற்று நேரத்தில் சித்தப்பா வந்தார். ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அவசரம். "நெய்ப்பந்தம் புடிக்கப் பேத்தியக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் உள்ளே போனேன். இனியா கட்டிலின் மேல் முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே பாடையைக் கட்டுவது சன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பாரு, தூங்கறவங்கள எதுக்குங்க தூக்கிட்டுப் போறாங்க?"

அக்கா எதற்குப் பயந்தாரோ அது அங்கே உட்கார்ந்திருந்தது. வாசலில் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவன் நான். அன்றைக்குக் கதவோரம் வந்து, "சித்தப்பா, கொஞ்சம் பொறுக்கோணுமுங்க. அக்கா சொல்லிட்டுப் போன வேலை ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். "நேரமாகுதப்பா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பிக் கொட்டுக்காரர்களிடம் கையைக் காட்டினார். கொட்டு நின்றது.

என் மகளின் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். இனியாவைத் தூக்கிப் போய் அவனைக் காட்டினேன். "பாரு கண்ணு, வயிறு ஏறி எறங்குது. இதுதான் தூக்கம். இவனை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. அம்மிச்சி தூங்கல. அம்மிச்சி செத்துப்போயிட்டாங்க. மூச்சு நின்னுபோச்சு. இனி எந்திரிக்க மாட்டாங்க. வலிக்காது, பசிக்காது." இனியா குழந்தையின் வயிற்றில் கையை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். வீறிட்டு, வாய்விட்டு, தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழ அழ என் நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது. ஆறு வயதில் நான் அழாத அழுகை அது.

"பந்தம் புடிக்கறயா அம்மணி? வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். "அம்மிச்சிக்குச் சுடுமா?" என்றாள். "அவுங்களுக்குச் சுடாது. உனக்குத்தான் சுடும். நானும் சேர்ந்து புடிச்சுக்கறேன்." வந்தாள். என் கையோடு கை வைத்துப் பந்தம் பிடித்து அக்காவைச் சுற்றி வந்தாள். ராகு காலம் வந்தே விட்டது. சித்தப்பாவே முன்னால் நின்று அவளுக்கு வழி விலக்கிக் கொடுத்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அக்காவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருமகள், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வீட்டுக்கே வந்த மருத்துவர், இத்தனை வருஷமும் மாடியைத் திறந்துவிட்ட எதிர் வீட்டார், பந்தல் பிரிக்கும்வரை கூட நின்ற தெருக்காரர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கொட்டு அடிப்பதை நிறுத்திய சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. என் மகள் இன்னும் அந்த ஒரு வார்த்தைக்காக வருத்தப்படுகிறாள். வேண்டாம் அம்மணி. உன் பிள்ளையின் தூளிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. கருமாதிக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு விடுகதையை என்னிடம் போட்டுவிட்டுப் போயின. பாதிக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. பெற்றவர்கள் யாரும் தயவு செய்து போனில் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அன்று மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வீடு கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. யார் எங்கே படுப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இனியா பாயை இழுத்துப் போட்டு, யாரையும் கேட்காமல் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் சொக்கியது. திடுக்கிட்டு எழவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு காலை என் மடியில் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.