நட்டு வைத்த புல்

சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் எங்கள் காட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூலனூர்ப் பக்கம் அப்போதெல்லாம் பெண் வீட்டார் முதலில் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள், காட்டைத்தான் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால், "வெயிலுக்கு முந்திப் போயரோணுமுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெயில் சீக்கிரமாகவே ஏறிவிட்டது.

எங்களுடையது ஆடு மேய்கிற கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி. மேட்டுப் பக்கம் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் நன்றாகத்தான் இருந்தன. பள்ளப் பக்கம்தான் உவர். கோடையில் மண்மேல் கோலப்பொடி தூவினதுபோல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அங்கே சங்கஞ்செடியும், கடித்தால் உப்புக் கரிக்கும் தடித்த இலைப் பூண்டு ஒன்றும் தவிர வேறெதுவும் வராது. சங்கஞ்செடிக்குக் கணுவுக்குக் கணு நாலு முள். காடு தெரிந்தவர்கள் உள்ளே வந்து மண்ணைத் தொட வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே நின்று அந்தச் செடியைப் பார்த்தாலே மண் எப்படி என்று சொல்லிவிடுவார்கள்.

நொய்யல் கரைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தபோது பெரியப்பா யோசனை ஒன்று செய்தார். பெரியப்பாதான் எங்கள் குடும்பத்தின் மூளை. அவர் யோசனையால் குடும்பம் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனாலும் அந்த மரியாதை குறையவில்லை. பள்ளத்துச் செடிகளை எல்லாம் பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட வேண்டியது. மேட்டிலிருந்து கொழுக்கட்டைப்புல்லைத் தூர் தூராகப் பெயர்த்து வந்து பள்ளத்தில் நட்டுவிட வேண்டியது. பெண் வீட்டார் வந்து போகும்வரை பச்சையாக நின்றால் போதும்.

"இது தப்பில்லீங்களாண்ணா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஏன்டா, பொண்ணுக்குப் பவுடர் போட்டுத்தான காட்டறாங்க. காட்டுக்குப் போட்டா மட்டும் தப்பா?"

சித்தப்பா அதற்குமேல் பேசவில்லை. பேசுகிற ஆளாக இருந்தால் அவருக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும். செடிகளைப் பிடுங்கியதும், நாள் பூராவும் குனிந்து புல்லை நட்டதும் அவர்தான். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னால் போனேன். இனிமேல் பள்ளத்தில் முள் குத்தாமல் ஓடலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில் பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். தாய்மாமன் நிறையப் பேசினார். பெண்ணின் அம்மா பேசவே இல்லை. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்.

"உங்க காடு உவருன்னு சொன்னாங்க. புல்லு வயலாட்ட நிக்குதுங்களே," என்றார் தாய்மாமன்.

"பொறாமை புடிச்சவங்க பேச்சுங்க அது," என்றார் பெரியப்பா.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். இவ்வளவு புல் இருக்கிற காட்டில் ஆடு மேயாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பெரியப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பட்டியைத் திறந்துவிடச் சொன்னார். பசியோடு இருந்த செம்மறிகள் நேராகப் பள்ளத்துக்குள் ஓடின.

முதல் ஆடு புல்லைக் கவ்வி இழுத்தது. தூரோடும் மண்கட்டியோடும் மொத்தமாக வாயோடு வந்துவிட்டது. ஆடே திகைத்துப் போயிற்று. இப்படி ஒரு புல்லை அது கண்டதில்லை. வாயில் வேர் தொங்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆடு இழுத்தது. அதற்கும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் பள்ளம் முழுக்க ஆடுகள் வாயில் வேரும் மண்ணுமாக நின்றன.

ஒருவரும் அசையவில்லை. பிற்பாடு திருப்பூர் வந்து பனியன் கம்பெனிகளில் எவ்வளவோ பார்த்துவிட்டேன். மெஷின் ஊசி என் விரலிலேயே ஏறியிருக்கிறது. அந்த நிமிஷத்தைப்போல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில்லை. சித்தப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய நகக்கண்ணில் நேற்றைய மண் அப்படியே இருந்தது.

"ஆடுக நல்ல பலமுங்க," என்றார் பெரியப்பா மெதுவாக.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாக்கா போலாம். வெயிலேறுது."

பெண்ணின் அம்மா அவர் பின்னால் போகவில்லை. ஓரத்தில் குவிந்து கிடந்த செடிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் குடும்பத்தையே கேட்காத கேள்வி கேட்கப்போகிறார் என்று நான் பெரியப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இதுகளை ஆருங்க புடுங்குனது?"

"நாந்தானுங்க," என்றார் சித்தப்பா. அவர்களிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "பள்ளத்துல இதுக மட்டுந்தானுங்க வரும். உவருங்க. மறைக்கோணும்னு புடுங்கிப் போட்டனுங்க."

"செடி மொளைக்கிற மண்ணப் போயி மறைக்கறீங்களே சாமி." பெண்ணின் அம்மா குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்தார். "ஆத்துல திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்ததுக்கப்பறம் எங்க காட்டுல இந்த முள்ளுகூட மொளைக்க மாட்டேங்குதுங்க. வேலிக் கிளுவையே பட்டுப்போச்சு."

"அக்கா," என்று தாய்மாமன் அதட்டினார். அவர்கள் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் அவர் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பெண்ணின் அம்மா இலைமுன் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார். தாய்மாமனும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பரிமாற வந்த சித்தப்பா ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினார். பெரியப்பா, தன் யோசனை பலித்துவிட்டதாக ரொம்ப நாளைக்கு ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் நிச்சயத்துக்கு வேன் வைத்துக்கொண்டு பெண் ஊருக்குப் போனோம். ஆற்றோரம் திரும்பியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காடெல்லாம் கண் கூசுகிற வெள்ளையாக இருந்தது. ஒரு செடி இல்லை. ஒரு ஆடு இல்லை. பெரியப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

திருப்பூரில் வெளுத்த பனியன் துணியை வெட்டவெளியில் விரித்துக் காயப்போடுவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். சித்தப்பாவின் தொடையைத் தட்டினேன்.

"இத்தனை துணியையும் ஆருங்க சித்தப்பா மடிப்பாங்க?"

அவர் என் தலையைத் தன் மடியில் சாய்த்து, உள்ளங்கையால் என் கண்ணை மூடினார். நான் தூங்க வேண்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று, தூக்கம் வராமலே அப்படியே படுத்திருந்தேன்.