பட்டுக்கு ஆகாத கை

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த ஐந்தாம் நாள் என் மாமியார் என்னை ராட்டை முன்னால் உட்கார வைத்தார். நெசவு வீட்டு மருமகளுக்கு அதுதான் முதல் வேலை. பட்டு நூலை விரலிடுக்கில் விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, சின்னக் கட்டையில் ஏற்றித் தர வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். அந்தக் கட்டை, தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போய், புடவைக்குக் குறுக்கு இழையாக ஓடும். நான் நாலு சுற்று சுற்றியிருப்பேன். நூல் ஆள்காட்டி விரலில் மாட்டி அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி சுற்றினேன், மறுபடி அறுந்தது. அறுகாமல் வந்த இடத்திலும் பூனை முடி மாதிரி பிசிறு எழும்பி நின்றது.

“மல்லாட்டை புடுங்கின கை. இது பட்டுக்கு ஆவாது,” என்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்து போனார்.

நான் தெள்ளார் பக்கத்துப் பெண். எங்கள் அப்பா காலத்திலேயே தறியை விட்டு நிலத்துக்குப் போய்விட்ட குடும்பம். சின்ன வயதிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்கியும் களை வெட்டியும் வளர்ந்தவள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரல் நுனியில் வெடிப்பு. அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பைத்தியக்காரி! எவ்வளவு பெரிய வரம் கிடைத்திருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எங்கள் வீடு ஊருக்குக் கடைசியில் இருக்கிறது. முன்னால் வீடு, பக்கத்தில் நாலு தறி போட்ட கொட்டகை, பின்னால் நாற்பது சென்ட் தோட்டம். பட்டுக்கு ஆகாத கை மண்ணுக்கு ஆகும் அல்லவா, தோட்டம் என் தலையில் விழுந்தது. கத்தரி, வெண்டை, ஒரு பாத்தி கீரை, இரண்டு வரிசை கனகாம்பரம், ஆறு தென்னை. அதோடு ஒரு கறவை மாடு, ஏழெட்டுக் கோழி. விடியும் முன்னால் சாணி அள்ளி, பால் கறந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, தறிக்காரர்களுக்கு டீ, எங்களுக்கு இட்லி, மாமியாருக்கு மட்டும் சர்க்கரைக்காகத் தனியாகக் கஞ்சி. பிறகு செடிகளுக்குத் தண்ணீர் கட்டுவேன். தண்ணீர் பாயும்போதே துணி துவைப்பேன். துணியை நனைத்துவிட்டுத் திரும்பினால் மடை உடைந்து கீரைப் பாத்தி மிதக்கும். மடையைக் கட்டிவிட்டு ஓடி வந்தால் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்திருக்கும். மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்கிற சாமர்த்தியசாலி என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறவள் என்பதுதான் உண்மை. அது எனக்கும் பருப்புக்கும் தெரியும்.

ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் மணி இரண்டு. இந்தத் தெருவில் மற்ற பெண்கள் எல்லாரும் அந்த நேரத்துக்கு ராட்டைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியாது. எனக்கோ மாடு கறக்க நாலு மணி ஆகும். இரண்டிலிருந்து நாலு வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. என் கைதான் ஆகாத கையாயிற்றே. இருபத்திரண்டு வருஷம் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் நான் பிழைத்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

முதலில் தூங்கினேன். பிறகு ஒரு நாள் ஃபோனில் யாரோ ஒருத்தி கொக்கி ஊசியால் பூ பின்னுவதைப் பார்த்தேன். பஜாரில் ஃபேன்சி கடையில் ஒரு ஊசியும் இரண்டு பந்து உல்லன் நூலும் வாங்கி வந்தேன். பின்ன ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. டீ.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, குல்லா, மப்ளர், யாரும் போடாத ஒரு சால்வை. ஆரணி வெயிலில் மப்ளரைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். மாடு கட்டிக்கும் என்பேன். நூல் வீட்டில் குப்பையாகக் கிடக்க, இவள் வெளியிலிருந்து நூல் வாங்குகிறாளே, வேலையற்ற வேலை என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உல்லன் நூல் என் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, எனக்கு அது போதும்.

போன வருஷம் ஆடி முடிந்த சமயம், தறிக் கொட்டகையைப் பெருக்கும்போது தார்க்கட்டைகளில் மிஞ்சிய நூலை ஒரு பையில் பார்த்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம். எல்லாம் முழம், அரை முழத் துண்டுகள், எதற்கும் உதவாது என்று ஒதுக்கியவை. இதில் பின்னினால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை வந்தது. ஏழெட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி ஊசியில் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். விரலில் மாட்டி, பிசிறு கிளம்பி, முதல் வரிசை முடிவதற்குள் பழைய துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் சோறு பொங்கிப் போட்டிருக்கிறேன், ஒரு இழை என் கைக்கு வராதா?

அன்றிலிருந்து கையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். சாணி அள்ள ரப்பர் உறை, களை எடுக்க ரப்பர் உறை, பாத்திரம் கழுவவும் அதே. காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தேய்த்தேன். வெந்நீரில் ஊறவைத்துக் காய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தேன். மாமியார், என்னமோ புதுப் பெண் கணக்காக எண்ணெய் பூசிக்கொள்கிறாள் என்று கிண்டல் செய்தார். மூன்று மாசத்தில் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. தலைமுடியைக் கோதினால் விரல் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

அதே சமயத்தில்தான் எங்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்த பெண் வேலையை விட்டாள். அடுத்த தெரு பெண், பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தவள். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வாசலுக்கே பஸ் வருகிறது, பி.எஃப். உண்டு என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரர் தவித்துப்போய்விட்டார். தார் இல்லாமல் நாலு தறியும் சும்மா நின்றன. பெரணமல்லூர் வரை போய் ஆள் தேடினார். வயதானவர்களுக்குக் கண் தெரியவில்லை, வயசுப் பெண்கள் எல்லாரும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். கடைசியில் தறியை விட்டு இறங்கி அவரே ராட்டையில் உட்கார்ந்தார். முதுகு வலிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு சுற்றினார். பேஜாராக்கீது என்று சாப்பிடும்போதெல்லாம் ஒரே பாட்டு. நான் பாவம் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவ்வளவுதான் நினைத்தேன். என் கைக்கும் அவருடைய கஷ்டத்துக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் ஆகாத கை என்று கேட்டுக் கேட்டு, அது என் கையின் பெயர் என்றே நம்பிவிட்டிருந்தேன்.

இதற்கிடையில் அந்த மிச்சப் பட்டு நூலை மறுபடி எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன், தை மாசம் அது முடிந்தது. உள்ளங்கை அகலம், வட்டமாக ஒரு பூ. நடுவில் மஞ்சள், அதைச் சுற்றி அரக்கு, ஓரம் மயில் கழுத்து. எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. எதன் மேலும் போட முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. அப்படி மின்னியது.

பேசாமல் அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எனக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. ஃபோனில் போட்டால் பத்துப் பேர் சூப்பர் என்பார்கள், அவர்களுக்குப் பட்டைப் பற்றி என்ன தெரியும்? பட்டு தெரிந்த ஒருவர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருந்தார். மாலை டீயோடு அதையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அவர் ராட்டையை நிறுத்திவிட்டு வாங்கினார். புடவையைக் கொடுக்கும் முன்னால் பார்ப்பது மாதிரியே டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, திருப்பி, ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். யார் பின்னியது என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை. பிறகு பூவை மடியில் வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்தார்.

எங்களுக்குள் கையைப் பிடிக்கிற வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தறிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் கட்டை விரலால் என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். இவருக்கு இப்படியெல்லாம் தெரியுமா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு ராட்டையிலிருந்து ஒற்றை இழையை இழுத்து என் விரல்களின் மேல் ஓட்டினார். ஒரு தரம், இரண்டு தரம். இழை நழுவிக்கொண்டு போனது. அவர் முகம் அப்படி மலர்ந்தது.

“அம்மா, இங்க வந்து பாரு. இவ கை தேறிகீது,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “இவ்ளோ நாளா சொல்லாம வெச்சிகினு இருந்தியேமே. நாளைலேர்ந்து நீயே ராட்டைல உக்காந்துடு,” என்றார்.

மாமியார் வந்து பார்த்தார். கடவுள் கண் திறந்துவிட்டார் என்றார். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். பூவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு டீ டம்ளரோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் மதியத்திலிருந்து உட்கார்ந்தேன். நாலு தறிக்கு இரண்டு மணி நேரம் எந்த மூலைக்கு? ஒரு வாரத்தில் காலை பத்து மணிக்கே உட்கார வேண்டியதாயிற்று. கை கெட்டுவிடும் என்று தோட்டத்தில் இறங்க வேண்டாம் என்றார். மாட்டை என் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். கத்தரியும் கனகாம்பரமும் மாசியில் காய்ந்தன. சமையலை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பஜாரிலிருந்து கைக்கு கிரீம் வாங்கி வந்தார், உறை ஒரு டப்பா வாங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் எனக்கென்று அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பங்குனியில் ஒரு காலை, அவர் கடைக்குப் போயிருந்தார். நான் பின்பக்கம் போய் இரண்டு கையையும் துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்தேன். ஒரு யோசனையும் இல்லை, தேய்த்தேன். உள்ளங்கையும் விரல் நுனியும் உரிந்து எரிந்தன. அப்படியே வந்து ராட்டையில் உட்கார்ந்து சுற்றினேன். சந்தன நிறத்து நூல். மாட்டியது, அறுந்தது, பிசிறு எழும்பியது. பழைய சந்தோஷம் ஒரு நிமிஷம் வந்தது. பிறகு பார்த்தால் தாரில் அங்கங்கே ரத்தம்.

அவர் வந்து தாரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நல்லதாக நாலு திட்டாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் கேட்பதற்கு நிறைய இருந்தது, நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கெட்டுப்போன தார்களைப் பொறுக்கி ஒரு பக்கமாக வைத்தார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ராட்டை முன்னால் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். தறிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் பீடி குடித்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மணி இரண்டாயிற்று, மூன்றாயிற்று. எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் எனக்கு இருந்த அதே நேரம், அதே வெயில். ஊசியைக் கையில் எடுத்தேன். பின்ன முடியவில்லை, கொட்டகையில் சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே அவர் முதுகை நிமிர்த்த முடியாமல் முனகுகிற சத்தமும் கேட்டது.

நாலு மணிக்குப் போய் வாசற்படியில் நின்றேன்.

“எழுந்திருங்க. நாளைலேர்ந்து நானே சுத்தறேன்,” என்றேன்.

அவர் நிமிராமலே, “கை?” என்று கேட்டார்.

“ஆறிடுங்க,” என்றேன்.

நாலே நாளில் ஆறிவிட்டது.