மாப்பிள்ளையின் காதும் நஸீறாவின் ஃபேனும்

கல்முனைக்குடியில் நூஹு காக்காவைத் தெரியாத ஆடு கிடையாது. ஊரார் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானாக அறுத்துக் கொடுக்கும் கிடாய்களை வளர்த்து விற்றே காலம் தள்ளியவர். பெருநாளன்று அவர் வாசலுக்கு மற்றவர்கள் கொடுத்த இறைச்சிப் பொட்டலங்கள்தான் வந்து சேரும். வாங்கி வாங்கிக் கூசிப்போன மனுஷன், இந்த வருடம் தானும் ஒன்று கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு செம்மறிக் கிடாயை விற்காமல் ஒதுக்கி வைத்தார். அதற்கு அவர் கொடுத்த செல்லத்தைப் பார்த்து வயிறெரிந்த மனைவி நஸீறா, ‘மாப்பிள்ளை’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

பெருநாள் நெருங்குகிற நேரத்தில் மாப்பிள்ளை முள்ளுக்கம்பியில் காதைக் கீறிக்கொண்டது. சின்னக் கீறல்தான். ஆனால் பக்கத்து வீட்டு வளவில் கருவாடு காய்கிறது. அங்கிருந்த ஈயெல்லாம் வேலி தாண்டி வந்து காதில் குடியேறியது. ஈ மொய்த்தால் புழு வைக்கும், புழு வைத்தால் காது அரிபடும், காதில் துண்டு குறைந்த கிடாய் குர்பானுக்குச் சேராது. நூஹு காக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடம் சொந்தக் கைமருந்து ஒன்று இருந்தது. வேப்பெண்ணெயில் உள்ளிப் பூண்டை இடித்துப் போட்டுக் காய்ச்சி, இறக்கிக் கற்பூரம் கரைப்பது. காதில் பூசினார். ஈ ஓடியது. நஸீறாவும் ஓடினாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில், அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு மாடு போய்வரலாம் போல இடம் விட்டிருந்தார்கள்.

வெட்கத்தோடு வீடு வந்தவர் நேரே அலுமாரியைத் திறந்தார். உம்றாவுக்கு மக்கா போன மச்சான் கொண்டுவந்து கொடுத்த அத்தரை அப்படியே மருந்துச் சட்டிக்குள் கவிழ்த்துக் கிடாயின் காதில் பூசினார். குர்பான் கிடாய் மணக்கத்தானே வேண்டும்!

மணக்கத்தான் செய்தது. அடுத்த நாள் காலை, கருவாட்டுக்கு வந்த ஈயோடு பூவுக்குப் போகிற வண்டும் தேனீயும் சேர்ந்து மாப்பிள்ளையைச் சுற்றி வலீமா விருந்து நடத்தின. கிடாய் தலையைத் தலையை ஆட்டியது. காயத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். வைத்தியர் கனகரெத்தினம் பக்கத்து வீரமுனைக்காரர். அத்தர் வாசம் மூக்கில் ஏறியதும், “என்ன காக்கா, ஆட்டுக்குக் கலியாணமா?” என்றார்.

சிரித்துக்கொண்டே புழுவை எடுத்து, காயத்தைக் கழுவி, ஊதா மருந்து பூசினார். காதைப் பிடித்துக்கொண்டிருந்த நூஹு காக்காவின் வலது கையும் மணிக்கட்டுவரை ஊதாவானது.

“ஐயா, முதுகில ஊத்திற மருந்தொண்டு கடையில விக்கிதாமே. ஊத்தினா ஈ கிட்டயும் வராதாம். அத எழுதித் தாங்க.”

“வராதுதான். ஆனா அந்த மருந்து இறைச்சியில நிக்கும். கொஞ்ச நாளைக்கு அறுக்கப்படாது. உங்கட பெருநாள் அதுக்கு முந்தி வருகுதே.”

“அப்ப நான் என்ன செய்யிற?”

“உங்கட வேப்பெண்ணெயே போதும். காயத்தில பூசாதீங்க, சுத்திவரப் பூசுங்க. அத்தர நீங்க பூசுங்க. கிடாயக் காத்துப் படுற இடத்தில கட்டுங்க. காத்தடிச்சா ஈக்கு இருக்க ஏலா.”

காற்றுக்கு எங்கே போவது? அந்தக் கிழமை பார்த்துக் கச்சான் காற்றும் அடங்கி, வளவில் ஓர் இலை அசையவில்லை. அந்த வீட்டில் காற்று வருகிற இடம் ஒன்றே ஒன்று: நஸீறாவின் மேசை ஃபேன். மாப்பிள்ளை விறாந்தைக்குக் குடிவந்தது. ஃபேன் அதன் பக்கம் திரும்பியது.

“இஞ்சாருங்க, கட்டின பொஞ்சாதி வேர்த்து வடியிறன். கிடாய்க்குக் காத்துக் கேக்குதோ?”

“பெருநாள் மட்டும் பொறு புள்ள. காது போனா எல்லாம் போச்சி.”

ஏசி ஏசியே நஸீறா தென்னோலை விசிறியால் விசிறிக்கொண்டாள். அவள் ஏசுவதும் மாப்பிள்ளை கண்ணை மூடி அசைபோடுவதுமாக நாள் போனது. காயம் ஆறியது.

பெருநாளைக்கு முதல் நாள், கிடாய் குர்பானுக்குச் சேருமா என்று பார்த்துச் சொல்லப் பள்ளிவாசல் முபாறக் மௌலவி வந்தார். காதை விரித்து, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“காது முழுசா இரிக்கி. தழும்பு மட்டுந்தான். தாராளமாக் குடுங்க.”

நூஹு காக்கா அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னார். மாப்பிள்ளை அவருடைய ஊதாக் கையை முகர்ந்து பார்த்து நக்கியது. அவர் ஃபேனை இன்னும் கொஞ்சம் அதற்குக் கிட்டே தள்ளி வைத்தார்.

பெருநாளன்று வீடு வீடாகப் பொட்டலம் கொடுத்தார். இவ்வளவு காலமும் நீட்டி வாங்கிய அதே கை. மருந்துச் சாயம் போகவில்லை. “என்ன காக்கா, விரலில மை பூசுவாங்க, நீங்க முழுக்கையாலயும் வோட்டுப் போட்டீங்களோ?” என்று வாசலுக்கு வாசல் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது.

பகல் வெயிலில் வீடு திரும்பினார். நஸீறா விறாந்தையில் விசிறிக்கொண்டு இருந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது பார்த்த மூலையில் ஒரு கயிறு மட்டும் கிடந்தது.

“ஏன் புள்ள, அங்க ஆருக்குக் காத்து?”

நஸீறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வேர்வை,” என்றாள். ஃபேனை அவள் திருப்பவில்லை, அவரும் திருப்பவில்லை.